உஷாராணியைத் தேடும் பக்கம்

14.3.1999, ஞாயிறு

என் இணையப் பக்கத்தின் கீழே, வந்தவர்களை எண்ணும் எண்ணி இன்று 23 காட்டியது. அதில் இருபத்தொன்று நான். மற்ற இரண்டு கம்ப்யூட்டர் கடை அஷ்ரப் பாய்.

பக்கத்தில் அதிகம் ஒன்றுமில்லை. பாங்கி பல்கலைக்கழக விடுதி வாசலில் நானும் உஷாராணியும் நிற்கும் படம். அவள் முழுப்பெயர். நாங்கள் படித்த ஆண்டுகள். 'எங்கே இருக்கிறாய், உஷா?' என்று ஒரு வரி.

மூன்று வருடமாகக் கடிதம் இல்லை. புக்கிட் காத்திலில் அவள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். "லண்டன்ல மேல்படிப்பு படிக்கிறா. முடிச்சதும் எழுதுவா" என்றார் அவள் அம்மா, கேட்டைத் திறக்காமலே. முகவரி கேட்க எனக்கு வாய் வரவில்லை. உஷா என்னுடன் இருந்திருந்தால் எனக்காக அவளே கேட்டிருப்பாள்.

பாய் சொன்னார்: "தங்கச்சி, பக்கம் போட்டுட்டா மட்டும் ஆள் வராதுலா. நாலு பேரோட பக்கம் உன் பக்கத்தைக் கைகாட்டணும். அப்பத்தான் தேடும்போது நீ மேல வருவே."

"எனக்கு யாரு பாய் கைகாட்டுவாங்க?"

"நீயே போய் எழுது. எல்லார் பக்கத்துலயும் வந்தவங்க எழுதிட்டுப் போற கெஸ்ட்புக் இருக்குல்ல? பாராட்டி ரெண்டு வரி, கீழ உன் இணைப்பு. இணைப்புல அவ பேரையே வை."

18.3.1999

கிள்ளானில் ஆர்க்கிட் வளர்ப்பவர் ஒருவரின் கெஸ்ட்புக்கில் எழுதினேன். மூன்று வரிக்கு அரை மணி நேரம். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்ததுபோல் கூச்சம்.

4.4.1999, ஞாயிறு

இன்றோடு அறுபத்தொரு கெஸ்ட்புக். இப்போது ஒரே வாசகம்தான், ஒட்டிக்கொண்டே போகிறேன். 'அருமையான பக்கம். உஷாராணியைத் தேடும் என் பக்கத்துக்கும் வாருங்கள். மீண்டும் வருகிறேன்.' தங்கமீன் வளர்ப்பவர், தபால்தலை சேர்ப்பவர், டொராண்டோவில் கோயில் கட்டுபவர்கள். சிம்பாங் அம்பாட் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடப் பேசாதவள் நான். உஷா பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

2.5.1999

தனபாலன் என்று ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"தங்கச்சி, அது செத்துப்போன என் மனைவிக்காக நான் போட்ட பக்கம். துக்க வீட்டுல யாரும் 'போயிட்டு வர்றேன்'னு சொல்லமாட்டாங்க. நீங்க 'மீண்டும் வருகிறேன்'னு எழுதியிருக்கீங்க. என் கெஸ்ட்புக், அதனால உங்க வரியை நானே அழிச்சிட்டேன்."

அங்கே படிக்கவே இல்லை நான். மேலே படம் இருந்திருக்கும், மாலை இருந்திருக்கும். எதையும் பார்க்காமல் ஒட்டினேன். எப்படிச் செய்தேன்?

3.5.1999

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இணைப்பு வைக்கவில்லை.

29.5.1999, சனி

தேடுபொறியில் உஷாராணி என்று தட்டினால் முதலில் என் பக்கம்! அடுத்த ஐந்தும் நான் எழுதிய கெஸ்ட்புக்குகள். பாய் டீ வாங்கித் தந்தார். "பார்த்தியா? நூத்தி நாப்பது வீட்டுப் படி ஏறினே, பலன் கிடைச்சிருச்சு."

இனி அவள் தன் பெயரைத் தட்டினால் போதும். ஒரு நாளாவது தட்டமாட்டாளா?

10.6.1999

என் கெஸ்ட்புக்கில் ஒரு புதியவர்! தபால்தலைக்காரர் பக்கத்திலிருந்து வந்தாராம். 'படத்தில் இருக்கும் பெண்ணை எங்கள் ஊர் மருந்துக்கடையில் தினமும் பார்க்கிறேன். கேட்டுச் சொல்லவா?' ஊர் பெயரும் போட்டிருந்தார். லண்டன் இல்லை, இங்கிலாந்தே இல்லை. 'கேளுங்கள், உடனே கேளுங்கள்' என்று எழுதினேன்.

12.6.1999, சனி

உஷா எழுதிவிட்டாள்.

"பவா, என் பேரை எடுத்துடு. நான் படிக்க வரலை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடி வந்தவ. வீட்டுல வெளிய சொல்ல வெக்கப்பட்டு லண்டன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. யாரோ ஊர் பேரோட உன் பக்கத்துல எழுதியிருக்கார். அண்ணன் பார்க்கறதுக்குள்ள எடு. கண்டுபிடிச்சா என்னை இங்க விட்டுவைக்க மாட்டார். நீ தேடினதுல கோபமில்லை, சந்தோஷம்தான். ஆனா திரும்ப எழுதாதே."

பத்து நிமிடத்தில் பக்கத்தை கெஸ்ட்புக்கோடு அழித்தேன். ஆனால் நூற்று நாற்பது கெஸ்ட்புக்குகளில் என் கையால் அவள் பெயர். எழுதியவளால் அழிக்க முடியாது, அந்தந்தப் பக்கத்துக்காரர்தான் அழிக்க வேண்டும். தனபாலன் மட்டும் முன்பே அழித்துவிட்டார். பாவம் அவர்.

இந்த நாட்குறிப்பிலும் அந்த ஊர்ப் பெயரை எழுத மாட்டேன்.

20.6.1999

அழிக்கச் சொல்லி எல்லோருக்கும் எழுதிவிட்டேன். பதில் போட்டவர்கள் முப்பத்தாறு பேர். ஆர்க்கிட்காரர், "பாராட்டை ஏன்மா திரும்பக் கேக்கறே?" என்கிறார்.

அவள் கடிதத்தைத் தினமும் திறந்து படிக்கிறேன். பவா என்று என்னை வேறு யாரும் கூப்பிடுவதில்லை.

24.7.1999, சனி

கடைக்கு உஷாவின் அண்ணன் பாலகிருஷ்ணன் வந்தார்.

"நீதானே பவானேஸ்வரி? தங்கச்சி பேரு கண்ட கண்ட இடத்துல இருக்கு. எல்லாத்துலயும் உன் இணைப்பு. தொறந்தா காலி."

"ஆமாண்ணே."

"அவ கிடைச்சிட்டாளா?"

பாய் தட்டுவதை நிறுத்தினார்.

"இல்லைண்ணே. யாருமே பதில் போடலை. அதான் மூடிட்டேன்." என் குரல் நடுங்கவே இல்லை.

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். "அம்மா இன்னும் அவ துணியெல்லாம் துவைச்சு மடிச்சு வைக்கறாங்க. ஏதாவது தெரிஞ்சா சொல்லு" என்று தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். கோபம் இருந்தது. அழுகையும் இருந்தது. எதை நம்புவது?

எண்ணை வாங்கிக்கொண்டேன். அவர் கார் கிளம்பும்வரை காத்திருந்து, இன்னும் அழிக்காத நாற்பத்தொரு பேருக்கும் மறுபடி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எதிலும் அவள் பெயரை எழுதவில்லை.