காற்றுப்படகுக்கு என்று சொல்லி வாங்கிய எஞ்சின்

ஏப்ரல் 9
நல்ல வெயில். கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டு என் விமானத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். சும்மாதான். கண்ணாடியில் மேகம் நகர்ந்தது; கொட்டகையே மெதுவாகக் கிளம்பிப் போவது போல இருந்தது.

உள்காதில் கோளாறாம். தலையைத் தூக்கினால் உலகம் சுற்றுகிறது. இனிப் பறக்கவே கூடாது என்றார் டாக்டர். "இப்ப தரையிலயே பறக்கிறேனே, டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு என்ன வியாதியோ.

ஏப்ரல் 12
ஓடெல் வந்தான். பக்கத்துப் பால்பண்ணைக்காரன். விமானத்தைத் தனக்கு விற்றுவிடச் சொல்கிறான்.

"நீ கையால கட்டினது மெர்னா. கொட்டகையில தூங்கவா பொறந்துச்சு அது?"

"உன்னைத் தூக்கணுமேன்னுதான் அதுக்குத் தூக்கமே வரலடா."

சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து அழுதேன். எனக்கும் அது பறக்க வேண்டும். யார் ஓட்டினால் என்ன?

"முதல்ல வக்கீலைப் பாரு" என்றான் என் கணவன் கெரிட். இவன் ஒருவன், மழை வருமுன்பே நனைகிறவன்.

ஏப்ரல் 17
வக்கீலம்மா என்னைவிட இளையவள். குரல் மட்டும் மெத்தை மாதிரி.

"விமான எஞ்சினா இருந்தா, அதைச் செஞ்ச கம்பெனியும் பழியில பங்கு எடுத்துக்கும். உங்க விமானத்துல இருக்கிறது பழைய கார் எஞ்சின். அதைச் செஞ்சவங்க விமானத்துல போடச் சொல்லவே இல்லையே. கொண்டுபோய்ப் போட்டது நீங்க. யாருக்கு வித்தாலும் கட்டினவங்க நீங்கதான். அவர் விழுந்தா உங்க வீடும் பட்டறையும் கோர்ட்டுக்கு வந்துரும்."

"கேஸ் போட மாட்டேன்னு அவன் கையெழுத்துப் போட்டுத் தருவான்மா."

"அவர் போடுவார். அவர் சம்சாரம்? பிள்ளைங்க?"

நிறையப் பேர் தாங்கள் கட்டின விமானத்தைத் தாங்களே அறுத்துப் போட்டுவிடுகிறார்களாம், விற்பதற்குப் பதில். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். சைலன்சர் பற்றவைக்கிறவள். எந்த இரும்பும் என் கைக்கு வளைந்து கொடுக்கும். இந்தச் சட்டம் எந்த இரும்பு?

ஏப்ரல் 18
காயலான் கடை லெவெல் ஞாபகம் வந்தார். விமானம் கட்டுகிற நாங்கள் எல்லோரும் அவரிடம்தான் எஞ்சின் வாங்குவோம். "காத்துப்படகுக்குத்தானே?" என்று அவரே கேட்பார். "ஆமா, ஆமா." பின்னால் காற்றாடி வைத்துச் சதுப்பில் வழுக்கிப் போகுமே, அந்தத் தட்டைப் படகு. இந்த ஊருக்கு அத்தனை காற்றுப்படகு விற்றிருக்கிறார் மனுஷன். ஆற்றில் ஒன்றைக்கூடக் கண்டவர் இல்லை.

அன்று வேடிக்கையாக இருந்தது. விமானத்துக்கென்று தெரிந்து விற்றால் அவர்மேலும் கேஸ் வருமே; தன் வீட்டை அல்லவா காப்பாற்றிக்கொண்டிருந்தார்!

ஏப்ரல் 25
ஓடெல் பெண்டாட்டி ஆர்டிஸ் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்டேன்: "அவன் விழுந்தா என்மேல கேஸ் போடுவியா?"

கையைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டேன்னுதான் இப்ப சொல்வேன். ஆனா மூணு பிள்ளைங்களோட தனியா நிக்கிறப்போ என்ன செய்வேன்னு எனக்கே தெரியல, மெர்னா."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுதான் கஷ்டம்.

மே 3
கனவில் விமானம் தானாகப் பறந்தது. உள்ளே யாருமே இல்லை. யாருக்கும் யார்மேலும் வழக்கு இல்லை.

மே 10
இறக்கைகளை அறுத்தோம். கெரிட் பிடித்துக்கொண்டான், நான் அறுத்தேன். அவன் மூக்கை உறிஞ்சினான். "மரத்தூள்" என்றான். அலுமினியத்தில் ஏதய்யா மரத்தூள்?

மே 11
ஓடெல் என்னைப் பார்த்தும் டிராக்டரை நிறுத்தவில்லை.

ஜூன் 6
எஞ்சின் இருக்கிறது. காற்றாடி இருக்கிறது. வால் இருக்கிறது. ராத்திரியெல்லாம் இதே நினைப்பு.

காலையில் லெவெலிடம் போய் ஒரு தட்டைப் படகு கேட்டேன்.

"எதுக்கு?"

"காத்துப்படகுக்கு."

கண்ணடித்தார்.

"அட, நிஜமாவே காத்துப்படகுக்குய்யா!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

ஜூலை 20
ஓடெல் வந்தான். ஒன்றும் பேசவில்லை. வாலைப் படகில் பொருத்தும்போது மறுமுனையைப் பிடித்தான். பிறகு, "கோணலா இருக்கு" என்றான்.

"உன் மூஞ்சிய வச்சு அளந்தேன்டா."

பேசிவிட்டான்! இனிப் பேச்சை நிறுத்த மாட்டான்.

ஆகஸ்ட் 30
விடியற்காலை, மிசிசிப்பி ஆற்றின் ஒரு கிளை. பனிமூட்டம் தண்ணீர்மேல் படுத்திருந்தது. ஓடெல் ஓட்டினான். முன்னால் நான். பழைய எஞ்சின் அதே குரலில் பாடியது. அல்லி இலைகள் விலகின, நாணல் குனிந்தது, பிறகு அடியில் ஒன்றுமே இல்லாதது போல வழுக்கிக்கொண்டே போனோம்.

"எவ்வளவு உயரம், கேப்டன்?" என்று கத்தினேன்.

"ஒரு வாத்து உயரம்!"

மூட்டம் கலைந்தது. தண்ணீர் முழுக்க மேகம். அதன்மேல் போய்க்கொண்டிருந்தோம். தலையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை.