ஜிப்புக்குள் இருந்த தொப்பை அன்னம்

அன்பு மச்சான் தனபாலுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. இந்த விரலுக்குத் தறிதான் பழக்கம், பேனா புதிது. ஆமாம், மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்! நம்புகிறாயா?

செய்தி இதுதான். நீ டாஸ் காலத்துக் கம்ப்யூட்டரில் வரைந்த புடவைக் கரை டிசைன்களை ஒரே ஜிப் பைலாகக் கட்டி வைத்திருந்தாய் அல்லவா? அதை நேற்று உன் மகள் கல்பனா திறந்தாள். நீ தறியில் ஏற்றாமலே கண்ணை மூடிவிட்டாயே, அந்தக் கடைசிக் கரை அதில்தான் இருந்தாக வேண்டும். வேறு எங்கும் இல்லை. பைல் கெட்டால் போனதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டப்புன்னு தொறம்மா!" என்றேன்.

"சும்மா இருங்க மாமா. காப்பி எடுத்துக்கினுதான் தொடணும். அப்பாவோடது அப்படியே இருக்கட்டும்."

நெட் இல்லாத தன் லேப்டாப்பில் காப்பியைப் போட்டு, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, கட்டைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் பெயர்களை வரிசையாகக் காட்டினாள். அது எப்படி மச்சான்? மூட்டையை அவிழ்க்காமல் புடவையைப் பார்க்க முடியுமா?

"பாத்தீங்களா, அப்பாவும் மயில்கண், ருத்ராட்சம்னுதான் பேர் வெச்சிருக்காரு. நானும் அதே பேர்தான். என் டிசைன் இருக்கிற எடத்துலயே பிரிச்சா இது அது மேல உக்காந்துக்கும். என்னுது காலி."

நம் ஊரில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அதனால் புதிதாக ஒரு காலி போல்டர் போட்டு அதில் பிரித்தாள். உள்ளே உன் வரைகிற புரோகிராமும் இருந்தது. அதைத் தட்டப் போனேன். கையில் ஒரு அடி விழுந்தது. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள்தான் ஓடவிட்டாள். உன் பழைய நீலத் திரை அப்படியே வந்தது. கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டரா?

கடைசிப் பெயரை நானே எழுத்துக் கூட்டினேன். எம், ஏ, என், ஐ. மணி. என் பெயர்!

திறந்தால் ஒரு அன்னம். பெரிய தொப்பை.

"உங்களைத்தான் மாமா வரைஞ்சிருக்காரு! தொப்பை அப்படியே கீது!" என்று கல்பனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

எதிரே நிற்க வேண்டிய ஜோடி அன்னத்தை நீ வரையவே இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. அதைக் கல்பனா வரைகிறாள்: ஒல்லியாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, உன்னை மாதிரி.

இரண்டையும் என் தறியிலேயே ஏற்றுவேன். கரையில் எதிரே நின்று நீ என்னை எப்படி முறைக்கிறாய் என்று வரும் வாரம் எழுதுகிறேன்; அதற்குள் வரி கொஞ்சம் நேராகும்.

உன் தங்கை புருஷன்,
தொப்பை மணி