கை பட்டா அடங்கும்

ஞாயிறு, ராத்திரி.

மூலக்குளத்துல அந்துவான் புது பேஸ் கிட்டார் வாங்கியிருக்கான். பழைய மாடலையே இரைச்சல் வராம சரிபண்ணி விட்டிருக்காங்க. பேஸ் வாசிக்கிற நாங்க நாலு பேரும் கூடிட்டோம்.

"கைய எடுத்தாலும் கம்முனு இருக்கு பாரு!"ன்னான். எல்லாரும் கொண்டாடினாங்க. எனக்குப் பிடிக்கல.

அண்ணனோட பழைய கிட்டார ஆம்ப் பெட்டியில மாட்டினா ங்ங்னு இரையும். அவன் கம்பியில கை வச்சாதான் அடங்கும். "உக்காந்துட்டான்டா உங்கண்ணன்"னு அம்மா அடுப்படியில இருந்தே சொல்லும். அவன் செத்து எட்டு மாசம் ஆச்சு.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கிட்டார ஆம்ப்ல மாட்டி மூலையில சாத்தி வச்சேன். இவ்வளவு நேரமும் இரைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

இப்ப அடங்கிடுச்சு. கரண்ட் இருக்கு. ஆம்ப் லைட்டும் எரியுது. நான் கட்டில்ல இருக்கேன்.

திரும்பிப் பாக்கல. வாசிண்ணா.