தீவுக்குக் கிடைத்த இணைப்பு

டோர்செட் பார்க்,
ரொறன்ரோ.
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் றோய்க்கு,

நீங்கள் சுகமாக இருப்பது வியாழக்கிழமை உங்கள் குரலிலேயே தெரிந்தது. போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

"செலீன், கேசில நாங்கள் வெண்டிட்டம்!" என்று கத்தினீர்கள். பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் இணைப்புகளை மற்றவர்களுக்கும் ஒரே நிபந்தனையில் குத்தகைக்குக் கொடுக்கவேண்டும் என்ற ஐரோப்பிய விதி, ஒன்றியத்தில் சேராத நோர்வேக்கும் நீட்டப்பட்டதால்தான் உங்கள் கொம்பனி அங்கே கால் வைத்தது என்று நோர்வேக்குப் போகும்போதே விளங்கப்படுத்தினீர்கள். அங்கேயுள்ள பெரிய நிறுவனம் இணைப்பைத் தராமல் இழுத்தடித்ததும், நீங்கள் முறையிட்டதும், "இந்தா வாறன்" என்று நீங்கள் எனக்குச் சொல்லிச் சொல்லியே வின்ரர் முழுக்கப் போனதும் தெரியும். இப்போது அந்தச் சின்னத் தீவின் கிளினிக்குக்கு இணைப்பைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டது. "இனி அந்தத் தீவுப் பெண்களின்ர ஸ்கானை நகரத்து டொக்டர் இருந்த இடத்திலேயே பார்ப்பார். வயித்துப் பிள்ளையோட ஒருத்தரும் படகில அலையத் தேவையில்லை" என்றீர்கள். நான் "நல்லது" என்றேன். களைப்போ என்று கேட்டீர்கள். ஓம் என்றேன்.

றோய், நான் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஸ்கான் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிவிட்டு டொக்டரைக் கூப்பிடப் போனாள். அவர் வந்து பார்த்து, பிள்ளைக்கு இதயத்துடிப்பு இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் உங்கள் போன் வந்தது.

அடுத்த நாள் பிள்ளையைப் பெற்றேன். பெண்பிள்ளை. உங்கள் தங்கச்சி ஷரோன் ஸ்ரௌவ்வில்லில் இருந்து காரில் வந்து பக்கத்திலேயே நின்றாள். "அண்ணைக்குச் சொல்லட்டோ மச்சாள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான்தான் மறித்தேன். அவளோடு கோபிக்காதீர்கள். நானே சொல்லுவோம் என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

பிள்ளைக்கு நிறையத் தலைமயிர். உங்கள் நெற்றி. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். ஷரோன் அழுதாள், எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டேன். கீழே போய் உடுப்புத் தோய்த்தேன். லிஃப்ற்றில் ரதி அன்ரி, "எப்ப பிள்ளை நாள்?" என்று கேட்டா. அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, அதுதான் வாயில் வந்தது. பால் சுரக்கிறது. நெஞ்சைச் சுற்றித் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஐஸ்லாந்திலும் இதே விதிதான், அங்கேயும் போகச் சொல்லுகிறார்கள், போகட்டோ என்று கேட்டிருந்தீர்கள். அதை நீங்கள் வந்த பிறகு பேசுவோம். தீவுப் பெண்களை நினைக்க எனக்குச் சந்தோசம்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை.

மார்கழியில் வாங்கிய தொட்டிலை ஷரோன் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். ஏன் சொன்னேனோ தெரியாது.

அடக்கத்தை வரும் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறோம். பங்குத்தந்தை பிள்ளையின் பெயரைக் கேட்டார். "தகப்பன் வந்து சொல்லுவார் ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று எழுந்து போய்விட்டார்.

பனியில் பார்த்து நடவுங்கள். மாதா உங்களை வழியில் காப்பாற்றுவா. வரும்போது ஒரு பெயரோடு வாருங்கள்.

உங்கள்
செலீன்