வளைவை விட்டுக் கூடத்தை வெட்டினார்கள்

திருமுல்லைவாயில்
ஞாயிறு

அன்புள்ள அரவிந்தனுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது. கனடாக் குளிரில் நீயும் மருமகள் சௌம்யாவும் சுகமாக இருக்கவேண்டும். போனில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார், அதனால்தான் கடிதம்.

அம்பத்தூர் ஆபீசில் புதுச் சிறை ஒன்றுக்கு நான் எஸ்டிமேட் போடுவது உனக்குத் தெரியும். செலவு எல்லை மீறிவிட்டது, குறையுங்கள் என்றார் முதலாளி கோதண்டம். நியாயம்தான், மக்கள் பணம். அறைகளை ஒரே அளவாக்கினால் கான்கிரீட் வார்க்கும் ஒரே சென்ட்ரிங் பலகையைத் திரும்பத் திரும்பப் போடலாம், முகப்பில் கிரானைட் வளைவே வேண்டாம் என்று பத்து நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அவர் வளைவைத் தொடவில்லை. கைதிகளைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தையும் அதன் நான்கு கழிப்பறைகளையும் அடித்துவிட்டு, இப்போது சரியாகிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? போன மாதம் அளவு பார்க்க ஒரு பழைய சிறைக்குப் போயிருந்தேன். கனிமொழி என்று ஒரு பெண், புருஷனைப் பார்க்கக் கைக்குழந்தையோடு வெயிலில் நின்றிருந்தாள். தண்ணீர் நீட்டினால் வாங்கவில்லை. வேணாங்க்கா, குடிச்சா எங்க போறது, இங்க இன்னா கீது என்றாள். அவள் என்னடா தப்பு செய்தாள்? இதைச் சொன்னால், ஜெயிலுக்கு வர்றவங்களுக்கு ஏசி ரூம் கேக்கறீங்களா மேடம் என்று சிரிக்கிறார் கோதண்டம், கூட இருந்தவர்களும் சிரிக்கிறார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. சிறைத்துறை அதிகாரிகள் வந்த கூட்டத்தில் என் செலவுக் குறைப்புப் பட்டியலையும் கனிமொழி சொன்னதையும் எழுந்து நின்று வாசித்தேன். அதிகாரிகளில் ஓர் அம்மாள், சிறைக்கு எதற்குங்க வளைவு என்று கேட்டார். அவ்வளவுதான், வளைவு போனது, கூடம் திரும்பி வந்தது. மறுநாளே என்னை வேறு வேலைக்கு மாற்றி, வரைபடத்திலிருந்து என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் உழைத்த ஆபீஸ்! விட்டுவிட்டு வந்துவிடு என்கிறார் அப்பா. நான் ஏன் போகவேண்டும்? தப்பு செய்தவர்கள் போகட்டும்.

சௌம்யாவுக்கு ஏழாம் மாதம், பனியில் தனியாக நடக்கவிடாதே. இரும்பு மாத்திரையை ஞாபகப்படுத்து. பிரசவத்துக்கு நான் வருகிறேன், இரண்டு மாத லீவு எழுதிக் கோதண்டம் மேசையிலேயே வைத்துவிட்டேன். மறுக்கட்டும், பார்க்கிறேன்.

உங்கள் மூவருக்கும் ஆசிகளுடன்,
அம்மா சரசா