துணிக்கு அந்தப் பக்கம்

நீலகிரி,
மழை விட்ட செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகள் ஸ்டெபிக்கு, உன் மாமா சில்வஸ்டர் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் குறைவில்லை. ஜெர்மனியில் உனக்கும் அப்படியே இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் ஏன் என்று யோசிப்பாய். என் போன் எந்நேரமும் உன் அம்மா கையில்தான். அவள் இதைப் பார்க்கக் கூடாது. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் பெனிஸிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நம்ம நகராட்சியும் நீ வேலை பார்க்கும் ஊரும் சகோதர நகரங்கள் ஆகப்போகின்றன அல்லவா? அதற்காக உங்கள் மேயரம்மா போன வாரம் வந்தார். காய்கறி மார்க்கெட்டைப் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தாராம். நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மார்க்கெட் அசிங்கமாம்! கேத்திப் பள்ளத்தாக்கையே போர்த்திவிடலாம், அத்தனை பெரிய பச்சைத் துணியைக் கட்டி அதை மறைத்துவிட்டு, முன்னால் மேடை போட்டு ஒரு பொய்க் கடை வைத்தார்கள். கடைக்காரி யார்? கவுன்சிலர் பாண்டியராஜின் மனைவி, பட்டுப்புடவையில்! கேரட் மட்டும் நிஜம், உன் அம்மா கடையிலிருந்து தூக்கிப்போனது. பளபளக்கட்டும் என்று அதற்குத் தேங்காய் எண்ணெய் வேறு தடவியிருந்தார்கள். மேயரம்மா ஆசையாக ஒன்றைக் கடித்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்கணும்!

எனக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதா? நான் வேலை பார்த்த தொழிற்சாலை கேன்டீனில் ரஷ்யாக்காரர்களையே ரசத்துக்கு வரிசையில் நிற்கவைத்தவன் நான். போலீஸ் தடுப்பை ஒரே தாண்டாகத் தாண்டி, மேயரம்மா கையைப் பிடித்துக் குலுக்கி, என் இங்கிலீஷை எடுத்துவிட்டேன். உங்கள் ஊர் முதியோர் இல்லத்து நர்ஸ் ஸ்டெபி என் மருமகள், அவள் அம்மா பிலோமி கடை வைத்திருப்பது இதே மார்க்கெட்டில்தான் என்றேன். அவர் தாயாரையே நீதான் பார்த்துக்கொள்கிறாய் என்று சொன்னார், எனக்கு அப்படித்தான் புரிந்தது. உன் அம்மாவை உடனே பார்க்க வேண்டும் என்றார்.

அதற்குள் பாண்டியராஜ், "ஏனுங்க பெரியவரே, போட்டோ புடிக்கிற எடத்துல வந்து நிக்கறீங்களே, தள்ளுங்க" என்று என்னை ஓரங்கட்டினான். மேயரம்மாவிடம், அந்த அம்மா ஊரில் இல்லை, கோயமுத்தூர் போயிருக்கிறார் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், ஸ்டெபி!

உன் அம்மா துணிக்குப் பின்னால் நின்றிருந்தாள். மகள் இருக்கும் ஊர்க்காரர்கள் வருகிறார்கள் என்று ஈஸ்டர் புடவை கட்டிக்கொண்டு, பர்லியார் மங்குஸ்தான் பழம் ஒரு கூடை வாங்கி வைத்துக்கொண்டு. அவன் சொன்ன அத்தனையும் அவள் காதில் விழுந்தது.

அப்புறம் இரண்டு ஊர் பேரிலும் கட்டப்போகும் நட்புறவு வளைவுக்கு மேயரம்மா கையால் அடிக்கல் நாட்டினார்கள். துணியை ஒட்டி, சரியாக உன் அம்மா கடைக்கு நேரே. வளைவுக்கு இடம் வேண்டும் என்று மறுநாளே கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நகராட்சி ஆபீசில் நான் போட்ட சத்தத்தில் கோத்தகிரி பஸ்ஸே நின்றுவிட்டது. மனு கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது பிலோமி வீட்டிலேயே கிடக்கிறாள். "அந்தப் புள்ளைக்குச் சொல்லாதண்ணா, வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்துரும்" என்கிறாள். மங்குஸ்தான் கூடையை ஒருவரையும் தொடவிடவில்லை. எல்லாம் அழுகிப்போனது.

அடுத்த மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட பாண்டியராஜ் கூட்டம் உன் ஊருக்கு வருகிறது. கோட்டு தைக்கக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் வந்து இறங்குமுன் நீ மேயரம்மாவைப் போய்ப் பார். சண்டை போடாதே, அதற்கு நான் இருக்கிறேன். அம்மா கோயமுத்தூர் போகவில்லை, துணிக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள், நீங்கள் கல் நட்டது அவள் கடை வாசலில் என்று மட்டும் சொல்லு. கடையைத் திருப்பித் தந்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் வியாபாரத்தைப் பற்றிக் கேட்டுவிடாதே. நன்றாகப் போகிறது என்பாள்.

மேயரம்மா அறைக்குள் நீ நுழையும்போது ஆண்டவர் உன் நாவில் நிற்கட்டும்.

உன் மாமா,
சில்வஸ்டர்