சகலனுக்கு இடம், எனக்கு வலம்

சனி, செப்டம்பர் 16, 2006

தூறல். குளிர் இன்னும் கோட்டுக்கு வரவில்லை, எலும்புக்கு வந்துவிட்டது. மொன்ட்ரியால்-நோரிலிருந்து இல்-பிசார் தீவுக்கு பஸ், மெட்ரோ, திரும்பப் பஸ். கார் கட்டப் போகிறவன் பஸ்ஸில். கையில் ரசமட்டம். பக்கத்து சீற்றுக் கிழவி அதை ஆயுதம் என்று நினைத்து எழும்பி முன்னுக்குப் போய்விட்டாள்.

கராஜ் சகலனுடையது. மனுசியின் தங்கை சாந்தியைக் கட்டின யோகன். தனி வீடு, புல்லு, கராஜ் அவனுக்கு. மூன்றாம் மாடி வாடகை வீடும் வாயும் எனக்கு. அதனால் பங்கு: இடம் அவன், மூளை நான். அவனைக் கேட்டால் மூளையும் அவன்தான்.

பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்த கார். இரண்டு பேர் இருக்கக்கூடிய, கூரையில்லாத சின்னச் சாமான். இரண்டு வருடமாகப் பூட்டுகிறோம். இன்று ஸ்டியரிங் ராக். அதாவது ஸ்டியரிங்கைத் திருப்ப முன்சில்லுகளை இழுக்கிற பல்லுச்சட்டம். லண்டனிலிருந்து என் தம்பி அனுப்பினது. அங்கே சாரதி இருப்பது வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். யோகன் கொஞ்சம் யோசித்தான் (அபூர்வம்). ராக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஸ்டியரிங் கம்பு பூட்டுகிற முனை அழகாக இடப்பக்கம் வந்து நின்றது.

"பாத்தீங்களே அண்ணை? இதுக்குத்தான் மூளை எண்டு சொல்லுறது."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. சொல்லவில்லை. அவனை ஒருக்கால் மெச்சினால் ஒரு கிழமைக்கு வயிறு ஊதும்.

சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அடுத்த ஞாயிறு, அத்தான். இது தானா வெளிய வந்து, தெருமுனை மட்டுக்கும் போய், தானாத் திரும்பி உள்ள வரவேணும். இல்லாட்டித் திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன். கராஜில இடமில்லாமல் வெளிய நிக்கிற எங்கட வானுக்கு மேல இன்னொரு விண்டருக்கு நான் ஸ்னோ வழிக்கமாட்டன்."

பகிடியில்லை. இரும்புக்காரனின் நம்பர் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

ஞாயிறு, 17

வெயில். யோகன் ஷோர்ட்ஸ். பார்க்கக் கூடாத முழங்கால்கள்.

சில்லு நிலத்தில் படாமல் காரை இரும்புத் தாங்கிகளில் தூக்கி வைத்தோம். அவன் உள்ளே ஸ்டியரிங்கில். நான் முன்னால் குந்தி, அவன் மூஞ்சியைப் பார்த்தபடி.

"இடப்பக்கம் வெட்டுறன். சில்லு போகுதோ?"

"ஓம், இடப்பக்கம்."

"இப்ப சோத்துக்கைப் பக்கம்?"

"ஓம் ஓம், சோத்துக்கைப் பக்கம். காணும்."

பிறகு இறக்கி, சில்லுகளுக்குக் கீழே சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள், நடுவில் கிறீஸ். சில்லு வழுக்கித் தன்பாட்டில் உட்காரவேணும். சாரதி சீற்றில் யோகனின் எடைக்குப் புழுங்கலரிசி மூட்டை. நான்கு வைத்தான். ஐந்தாவதை எடுத்துவரச் சொன்னேன். முறைத்தான்.

இரண்டு பக்கமும் நூல் கட்டி இழுத்து, சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் தூரம் அளப்பது. முன்னுக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) குறைய இருந்தால் கார் நேரே போகும். நூலால் நூல் பார்ப்பது. இவன் டேப்பை டயர் ரப்பரில் வைத்து அளக்கிறான்!

"ரிம்மில வையும்."

"ரப்பரும் ரிம்மும் ஒண்டுதானே அண்ணை."

"உமக்கு வயிறும் நெஞ்சும் ஒண்டெண்ட மாதிரியோ?"

பின்னேரம் வரை இதே பாட்டு. திருகினான், கூடிப்போச்சு. திருகினேன், குறைந்துபோச்சு. அவன் திருகினதை நான் திருப்பித் திருகினது அவனுக்குத் தெரியாது. நான் திருகினதை அவனும் திருப்பியிருக்கிறான் என்று பேந்துதான் விளங்கினது. கடைசியில் ஒரு மாதிரி.

புதன், 20

மழை. கால் நோவு. கடைகளில் சும்மா கிடைக்கிற தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர் போன் எடுத்தார், நான் எழுதுகிற பகிடிப் பத்தி எங்கே என்று. கைநிறையச் சரக்கு. ஆனால் சகலனைப் பற்றி ஒரு வரி எழுதினால் சோறில்லை என்று மனுசியின் உத்தரவு. அதனால் எல்லாம் இந்த டயறிக்குள்.

மனுசி தங்கையோடு போனில்: "ஓமடி... இங்கயும் அதே விசர்தான்... இல்லையடி, உன்ர ஆளாவது கராஜுக்குள்ள. என்ர ஆள் குசினிக் கதிரையில இருந்து கோப்பையை ஸ்டியரிங் மாதிரித் திருப்புது."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

சனி, 23

வெளிச்சமான நாள். நாசமாய்ப் போன நாள்.

எஞ்சின் முதல் தரத்திலேயே பிடித்தது. யோகன் முகத்தில் மாப்பிள்ளைக் களை. கராஜை விட்டு வெளியே, வாசலால் மெதுவாக, தெருவுக்கு இடப்பக்கம் வெட்டினான்.

கார் வலப்பக்கம் போனது.

அவன் இன்னும் இடப்பக்கம் வெட்டினான். அது இன்னும் வலப்பக்கம். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார முசியோ பத்து வருடமாகச் சீவிச் சீவி வளர்த்த செடார் வேலிக்குள் போய் நின்றது. முசியோ படியில், கையில் கோப்பி. சகலன் வேலிக்குள் இருந்தபடி "பொன்ஜூர்" என்றான். முசியோ சொன்னது எனக்கு விளங்கவில்லை. விளங்காதது நல்லது. வேலிச் சண்டைக்கு ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை.

காரைத் தள்ளி உள்ளே போட்ட பிறகு:

"இடப்பக்கம் எண்டு சொன்னது நீங்கள்!"

"அது என்ர இடம். நான் உம்மைப் பாத்துக்கொண்டெல்லோ குந்தியிருந்தனான்? என்ர இடம் உமக்கு வலம்."

"அப்ப என்ர இடத்தைச் சொல்லியிருக்கவேணும்!"

"ராக்கைக் கவிட்டது ஆர்? கீழ கிடந்த பல்லு மேல வந்திட்டுது. வலத்தை இழுக்கவேண்டியது இடத்தை இழுக்குது."

"அதை அப்ப சொல்லாமல் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்? ஊரெல்லாம் நக்கலடிச்சு எழுதத் தெரியும். ஒரு சில்லு எந்தப் பக்கம் போகுதெண்டு பாக்கத் தெரியாது."

"ஐஞ்சாவது மூட்டை வைச்சிருந்தால் கார் அசைஞ்சே இருக்காது. வேலி தப்பியிருக்கும்."

"நீர் வாயை மூடும்!"

நீங்கள் இல்லை, நீர். என்னை. மூத்த சகலனை. இவ்வளவு வருடத்தில் குடித்துவிட்டுக்கூட அவன் வாயில் வராத சொல்லு. சாந்தி யன்னலை அடித்துச் சாத்தினது கேட்டது. சாவி, ரசமட்டம், கோட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் வர ஒரு யுகம்.

இனி அந்த வாசல் மிதிக்கமாட்டேன். இரும்புக்காரன் வரட்டும். யோகனையும் சேர்த்து ஏற்றட்டும்.

ஞாயிறு, 24

போனேன். மனுசியும் கூட வந்தாள், காவலுக்கு.

யோகன் என்னைப் பார்க்கவில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. ராக்கைக் கழற்றி, அது பிறந்த மாதிரியே நிமிர்த்திப் பூட்டினோம். அதனால் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்துவிட்டது. அதற்கான ஓட்டை அந்தப் பக்கம் ஏற்கெனவே இருந்தது, ஒரு மூடியோடு. ஆனால் பிரேக்கும் கிளச்சும் அக்சிலேட்டரும் இடப்பக்கம். அவற்றை மாற்ற பிரேக் குழாய் முழுக்கக் கழற்றவேணும். இன்று முடியாது. நாளைக்கு இரும்புக்காரன்.

திரும்ப நூல் கட்டினோம். கதையாமல் செய்ததால் முதல் தரத்திலேயே அளவு சரி.

பிறகு யோகன் இடது சீற்றில் ஏறினான். காலுக்கு மூன்று பெடல், கைக்கு ஒன்றுமில்லை. நான் வலது சீற்றில். கைக்கு ஸ்டியரிங், காலுக்கு ஒன்றுமில்லை. சாந்தி வாசலில் கைகட்டி. மனுசி தலையில் கைவைத்து. முசியோ தன் வேலிக்கு முன்னால், காவலாக, ஒரு மண்வெட்டியோடு.

வெளியே வந்தோம். வலத்தை வெட்டினேன், வலத்தைப் போனது. இடம், இடம். தெரு. யோகன் மடியில் கைகளை வைத்துக்கொண்டு பிரதம விருந்தினர் மாதிரி. நான் இல்லாத பிரேக்கை மிதித்தபடி.

தெருமுனையில், ஆற்றுக்கு அந்தப்பக்கம் லாவலுக்குக் கார் ஏற்றுகிற படகுக்கு ஒரு வரிசைக் கார்.

"பிரேக்," என்றேன், முன்கண்ணாடியைப் பார்த்து.

கேட்காத மாதிரி இருந்தான்.

"யோகன், பிரேக்."

மிதித்தான், ஆனால் மற்றதை, அக்சிலேட்டரை. கடைசிக் காரின் பின் லைற்று கிட்டக் கிட்ட வருகிறது.

"எடேய், சாகப்போறம்! உன்ர மூளைதான் மூளை, பிடியடா!"

பிடித்தான். ஒரு முழம் இடைவெளி. முன் காரில் இருந்த பெடிச்சி திரும்பிப் பார்த்து, ஸ்டியரிங் இல்லாமல் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டினாள்.

திரும்பி வருகிறபோது தெரு வெறுமை. ஒரு இடத்தில் ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தேன். நேரே போனது. அடிமட்டம் வைத்துக் கோடு கீறின மாதிரி. யோகன் என் கையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். காலைத் தளர்த்தவில்லை. வேலி வரைக்கும் அப்படியே போகலாம் போல இருந்தது. வேலி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

கராஜுக்குள் ஏற்றினோம். கொஞ்சம் கோணல், ஆனால் தானாக.

நான் வாயைத் திறக்கமுதல் யோகன் சாந்தியிடம்: "அடுத்த கிழமை பெடலையும் வலப்பக்கம் மாத்திவிடுறன். பேந்து நான் தனியவே..."

"ஒண்டும் மாத்தத் தேவையில்லை," என்றாள் சாந்தி. "இப்பிடியே நிக்கட்டும். மாத்தினால் இரும்புக்காரன்."

மனுசிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்காவும் தங்கையும் முன்னமே கதைத்து வைத்திருக்கிறாளவை, சந்தேகமில்லை.

பஸ்ஸுக்கு வெளிக்கிட, யோகன் முதுகைக் காட்டிக்கொண்டு துணியால் கை துடைத்தபடி: "சனிக்கிழமை வாரும்."

வாங்கோ இல்லை, வாரும்! இன்னும் திருந்தவில்லை. போகமாட்டேன். எத்தனை மணிக்கு என்றும் சொல்லவில்லை, மாடு.